சோடியம் ஏறிய வேகம்

பேசுகிறார். நன்றாகத்தான் பேசுகிறார். ரசம் சாதத்தில் மிளகு தூக்கல் என்று தங்கையிடம் குறை சொல்கிறார். அண்ணனுக்குக் குறை சொல்ல முடிகிறதே என்று சௌந்தரத்துக்குச் சந்தோஷம். "காரம் தெரியுதுல்ல அண்ணே, அப்ப நல்லாயிட்டீங்கன்னு அர்த்தம்" என்கிறாள். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து இவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மிளகு. ளகரம் சரியாக வந்தது. தூக்கல், அதுவும் சரி. நாக்கு மேலே போய்த் தொட்டுவிட்டுத்தான் இறங்குகிறது. விழுங்குகிறார், தொண்டைக்குமிழ் ஏறி இறங்குகிறது, அடுத்த வாய்க்குத் திறக்கிறார். முப்பது வருஷமாக இந்த மனிதர் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் விழுங்குவதைப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம். மதுரையில் வெயில் கொளுத்துகிறது, ஜன்னலுக்கு வெளியே ஷேர் ஆட்டோக்காரர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் சேர்த்துப் பெரியாரு பெரியாரு என்று கூவுகிறார்கள், வார்டில் எல்லாருக்கும் சாப்பாட்டு நேரம், எவர்சில்வர் டிபன் கேரியர்கள் திறக்கும் சத்தம், எங்கிருந்தோ முட்டைக்கோஸ் வாசனை. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நேற்றுதான் இங்கே மாற்றினார்கள். மாற்றியதும் சௌந்தரம் மீனாட்சியம்மன் கோயில் பக்கமாகத் திரும்பி நின்று கும்பிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொழைச்சு வந்துட்டாரு மதினி" என்றாள். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது. பிழைத்து வந்துவிட்டார்தான். இனிமேல்தான் இருக்கிறது என்பதை அந்த நிமிஷத்தில் எப்படிச் சொல்வது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் விசிலை ஊதிவிட்டு எதற்கு ஊதினோம் என்று தெரியாமல் நின்றாராம். பையன்களும் ஓடாமல் நின்றார்களாம். வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டார்கள். என்னைப் பார்த்து, "சந்தானம் வந்துட்டானா?" என்றார். சந்தானம் இருபது வருஷத்துக்கு முன்னால் இவருடைய கபடி அணியில் விளையாடியவன், இப்போது உயிரோடு இல்லை. சாயங்காலம் சோபாவிலேயே கைகால் வெட்டி இழுத்தது. இங்கே கொண்டுவந்ததும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சோடியம் நூற்றியாறு. நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. வேறொன்றும் இல்லை, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள், நீர் பிரிய வைக்கிற மாத்திரை. உப்பைக் குறையுங்கள் என்றார் அந்த டாக்டர். இவர் அடியோடு நிறுத்திவிட்டார், எதையும் பாதியாகச் செய்யத் தெரியாத மனிதர். சித்திரை வெயிலில் கபடிப் போட்டி போட்டியாகப் போய் மைக்கில் வர்ணனை கத்திவிட்டுத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தார். உப்பு வெளியே போனது, தண்ணீர் உள்ளே வந்தது, அவ்வளவுதான். யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. சொல்ல வழியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இருபத்தாறு வருஷமாகக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு நான் எடுக்கும் முதல் வகுப்பே இதுதான். பீக்கரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அதில் ஒரு கல்லுப்பைப் போடுவேன். எங்கே போச்சு என்று கேட்பேன். கரைஞ்சு போச்சு மேடம் என்பார்கள். கரைவது என்றால் என்ன என்று கேட்டால் நோட்டைப் புரட்டுவார்கள். தண்ணீர் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஆக்ஸிஜன் இருக்கும் பக்கம் கொஞ்சம் எதிர்மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின்சுமை. அந்தக் கொஞ்சம் இல்லையென்றால் கடல் இல்லை, ரத்தம் இல்லை, நீங்களும் நானும் இல்லை என்பேன். மண்ணெண்ணெயில் இதே உப்பைப் போட்டால் கல்லாகவே அடியில் கிடக்கும். தண்ணீர் விடாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் நாலு பக்கமும் சூழ்ந்து, ஆக்ஸிஜன் முனையை அதன் பக்கம் திருப்பி, கட்டியிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். பிறகு அந்த அயனி எங்கே போனாலும் தண்ணீரையும் கட்டி இழுத்துக்கொண்டுதான் போகும். சோடியம் நிறைய இருக்கிற பக்கம் தண்ணீர் ஓடும். நடுவில் சவ்வு இருந்தாலும் ஓடும். உலர்திராட்சையை உப்ப வைத்துக் காட்டுவேன், உப்புத் தண்ணீரில் உருளைக்கிழங்கை வதங்க வைத்துக் காட்டுவேன். பிள்ளைகள் படம் வரைந்து அம்புக்குறி போடுவார்கள். அந்த அம்புக்குறிகள் என் வீட்டுக்காரருடைய மண்டைக்குள் போய்த் திரும்பும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. ரத்தத்தில் சோடியம் குறைந்தால் தண்ணீர் மூளைச் செல்லுக்குள் போகிறது, செல் வீங்குகிறது, மண்டை ஓடு விரியாது. அதனால் மூளை என்ன செய்யும், தன்னிடம் கரைந்து கிடப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போடும். போட்டுவிட்டு, இருக்கிற கொஞ்சத்தோடு சரிக்கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதற்குச் சில நாள் ஆகும். திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளவும் சில நாள் ஆகும். அந்தச் சில நாளைக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் வெளியே சோடியம் திடீரென்று ஏறிவிட்டால் உள்ளே இருக்கிற தண்ணீர் விருட்டென்று வெளியே வந்துவிடும். உருளைக்கிழங்கு. வேண்டாம், உருளைக்கிழங்கை நினைக்காதே.

செவ்வாய்க்கிழமை ராத்திரி வலிப்பை நிறுத்த உப்பு அடர்ந்த சலைன் கொஞ்சம் ஏற்றினார்கள். அதைச் சரியாகத்தான் ஏற்றினார்கள், சொட்டுச் சொட்டாக, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டு. மாத்திரையை நிறுத்தி உப்பும் கொடுத்துவிட்டார்கள் அல்லவா, உப்புக் குறைவால் அதுவரை தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த சிறுநீரகம் கையை விட்டுவிட்டது. புதன்கிழமை காலையில் என்னை உள்ளே விட்டபோது கட்டிலுக்குக் கீழே தொங்கிய பை நிறைந்திருந்தது. நர்ஸ் சிரித்த முகமாக, "நல்லா யூரின் போகுதும்மா, இப்பத்தான் ஒரு பை மாத்தினேன்" என்றாள். பையைப் பார்த்தேன். மஞ்சளே இல்லை, குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. அவ்வளவு நீர்த்துப் போனால் அதில் உப்பும் கொஞ்சம்தான் இருக்கும். வெறும் தண்ணீர் போகிறது, உப்பு உள்ளேயே தங்குகிறது, அப்படியென்றால் ரத்தத்தில் இந்த நேரத்துக்கு எவ்வளவு ஏறியிருக்கும். கணக்குப் போடும் பழக்கம், போட்டுவிட்டேன். போட்டு முடிக்கும்போதே டியூட்டி டாக்டர் நஸ்ரீன் வேகமாக வந்தார், வந்ததும் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பையைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். உடனே வேறு ஊசி போட்டார்கள், ஏறியதை இறக்குவதற்குக் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினார்கள். கொஞ்சம்தான் இறங்கியது. வராந்தாவில் குடிதண்ணீர் மெஷின் பக்கத்தில் என்னை நிறுத்தி, "மேடம், நீங்க கெமிஸ்ட்ரின்னு சொன்னாங்க. உங்ககிட்ட மறைக்கிறதுல அர்த்தமில்ல. சோடியம் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல ஏறக்கூடாது. இருபத்திரண்டு ஏறிடுச்சு" என்றார். சின்னப் பெண்தான், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "என்ன ஆகும்?" என்றேன். "ஒண்ணுமே ஆகாமலும் போகலாம். நிறையப் பேருக்கு அப்படித்தான்." "ஆனா?" "ஆனா இன்னைக்கு நல்லா முழிச்சுப் பேசுவாரு. நாளைக்கும் பேசுவாரு. அதை வச்சு முடிவு பண்ண முடியாது. ரெண்டு மூணு நாள் கழிச்சு பேச்சு குழற ஆரம்பிச்சா, விழுங்கச் சிரமப்பட்டா, உடனே சொல்லுங்க." "சொன்னா?" மெஷினிலிருந்து தண்ணீர் பிடித்து எனக்குக் கொடுத்தார். நான் குடித்தேன்.

மூளைத்தண்டில் நரம்புகளைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. செல் சுருங்கும்போது அந்த உறை உரிகிறது. அவ்வளவுதான் செய்தி. உரிந்தால் முதலில் நாக்கு, பிறகு தொண்டை, பிறகு கையும் காலும். உள்ளே நினைவு மட்டும் தெளிவாக இருக்குமாம், கண் மட்டும் அசையுமாம். செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தேன், அடுத்த தடவை வேறு மாதிரி எழுதியிருக்கும் என்பதுபோல. வகுப்பில் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் உவமை கேட்பார்கள். சோடியத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்பது அமைச்சரைச் சுற்றித் தொண்டர் நிற்பது மாதிரியா மேடம் என்று ஒருத்தி எழுதியே கொடுத்தாள். மார்க் போட்டேன். அவளிடம் இப்போது சொல்ல வேண்டும், எது மாதிரியும் இல்லை பெண்ணே. தண்ணீருக்கு யாரையும் தெரியாது. இவர் தவமணி வாத்தியார், நல்ல மனுஷன், மாவட்டம் பூரா இவர் குரல் தெரியும் என்று அதற்கு யாரும் சொல்ல முடியாது. புதன்கிழமை காலையில் நிறைந்த அந்தப் பையோடு எல்லாம் முடிந்துவிட்டது. நடக்க வேண்டியது உள்ளே நடந்துவிட்டது, அல்லது நடக்காமல் விட்டுவிட்டது. இப்போது நான் இங்கே உட்கார்ந்து பார்ப்பதால் ஒரு அயனியும் இடம் மாறாது. ஆனாலும் எழுந்துபோக முடியவில்லை. குளிக்கப் போனால்கூட, அந்தப் பத்து நிமிஷத்தில் பேச்சு மாறிவிட்டால்? மாறட்டும், நான் இல்லாதபோதாவது மாறட்டும். இல்லை, வேண்டாம், நான் இருக்கும்போதுதான். பூனாவிலிருந்து ஆதிரை நேற்றுப் போன் செய்தாள், எங்கள் ஒரே பெண். "அப்பாதான் வார்டுக்கு வந்துட்டாங்களேம்மா. நான் இப்ப வரணுமா, இல்ல அடுத்த மாசம் ஒரு வாரமா லீவு போட்டு வரட்டுமா?" நியாயமான கேள்வி. பார்க்கலாம் என்றேன். வா என்று சொன்னால் ஏன் என்பாள், ஏன் என்று சொன்னால் அது நடந்ததாகிவிடும். வராதே என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அடுத்த கட்டிலில் காலில் கட்டுப் போட்ட கொத்தனார் ஒருவர் காலையிலிருந்து இவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கேட்டுவிட்டார். "சார், நீங்க வடமதுரைல மைக்குல பேசுறவருதானே? கபடிக்கு?" அவ்வளவுதான், இவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சௌந்தரம் தட்டை எடுத்துக்கொண்டு சிரிக்கிறாள். "எந்த வருசம் பாத்தீக?" "மழை பெஞ்சு ஃபைனல் நின்னுச்சே, அந்த வருசம்." "அடேயப்பா, அதுவா" என்று கையை உரசிக்கொள்கிறார். இந்தக் குரலைத்தான் நான் முதலில் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் அப்போது பள்ளிக்கூட வேலை, மாடி அறையில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், தெருக்கோடியில் போட்டி, புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் நேராக என் ஜன்னலைப் பார்த்திருந்தது. ஒரு வார்த்தை திருத்த விடவில்லை. எரிச்சலில் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்தவள், கொஞ்ச நேரத்தில் யார் ஏறிப் பாடுகிறான், யார் காலைப் பிடித்தான், யார் கோட்டைத் தொட்டான் என்று எல்லாம் தெரிந்தவளாகிவிட்டேன். கண் முன்னால் மண் பறந்தது. ஆறு மாதம் கழித்துப் பெண் பார்க்க வந்தபோது வாயைத் திறந்ததும் இது அந்த ஸ்பீக்கர் அல்லவா என்று சிரித்துவிட்டேன். வீட்டில் திட்டினார்கள். இப்போது அதே குரல், மைக் இல்லாமல், நோயாளிகளுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்று அடக்கி, "இதோ வருகிறார், இடதுபக்கம் வருகிறார், மூலையில் நிற்பவரைச் சீண்டிப் பார்க்கிறார்" என்று போகிறது. கொத்தனார் முகம் மலர்கிறது. எதிர்க்கட்டில் அம்மாகூடத் திரும்பிப் படுத்துக் கேட்கிறாள். "உருண்டார், புரண்டார், கோட்டைத் தொட்டுவித்தார்." தொட்டுவிட்டார் என்றுதான் சொல்வார். டகரம் விழுந்துவிட்டது. ஒரு தடவைதானே, ரொம்ப நாள் கழித்துப் பேசுகிறார், வாய் உலர்ந்திருக்கும், இரண்டு நாள் மூக்கில் ஆக்ஸிஜன். எல்லாருக்கும் வாய் குழறும். வகுப்பில் எனக்கே மாலிப்டினம் என்று சொல்லும்போது தடுக்கும். "இந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர்" என்கிறார். டகரம் சரியாக வந்தது. வந்ததா? கொஞ்சம் ஈரமாக வந்தது. நாக்கு கொஞ்சம் தடித்த மாதிரி. நான் கேட்பதால் அப்படிக் கேட்கிறதா, கேட்காமல் இருந்தால் சரியாக இருந்திருக்குமா.

"என்ன இந்திராணி, என் வாயையே பாத்துக்கிட்டு இருக்க?" என்றார் இவர், கொத்தனாரை விட்டுவிட்டு. "சும்மாதாங்க" என்றேன். "காலைல இருந்து பாக்குறேன். சோறு திங்கிறப்பவும் பாக்குற, பேசுறப்பவும் பாக்குற. பரிட்சை ஹால்ல சூப்பர்வைசர் மாதிரி." சௌந்தரம் சிரித்தாள். "அத்தனை பயம் அண்ணே அவங்களுக்கு. நீங்க இழுத்துக்கிட்டுக் கெடந்தத நேர்ல பாத்தவங்கல்ல." இவர் சிரிக்கவில்லை. "டாக்டர் எதும் சொன்னாங்களா?" என்று கேட்டார். முப்பது வருஷத்தில் இவரிடம் நான் பொய் சொன்னதே இல்லை என்றில்லை, சேலை விலையில் சொல்லியிருக்கிறேன். "சோடியம் சரியாயிடுச்சுன்னு சொன்னாங்க" என்றேன். அது உண்மை. இன்றைக்குக் காலையில் எடுத்த ரத்தத்தில் நூற்று முப்பத்தாறு, அழகான எண், எந்தப் புத்தகத்திலும் போடலாம். "அப்புறம் என்ன" என்று சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்தார். ஆனால் கண்ணை மூடவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உதட்டை லேசாக அசைத்தார். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. சத்தம் வராமல் எதையோ சொல்லிப் பார்க்கிறார். ஒரு வார்த்தையைச் சொல்லி, நிறுத்தி, அதையே மறுபடி சொல்லிப் பார்க்கிறார். எனக்கு முன்னாலேயே இவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? காலையிலிருந்தா, அந்த டகரத்திலிருந்தா? நாக்கு இவருடையது, இவருக்குத்தானே முதலில் தெரியும். நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே இடத்தைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறோம். டாக்டரைக் கூப்பிட வேண்டும். நர்ஸ் மேஜை அந்தக் கோடியில்தான் இருக்கிறது, எழுந்து நடந்தால் ஆயிற்று. உடனே சொல்லுங்கள் என்றார் நஸ்ரீன். சொன்னால் என்ன என்று கேட்டதற்குத் தண்ணீர் கொடுத்தார். ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்து அந்த மேஜைக்குப் போகிறவரைக்கும் இவர் நன்றாகிவிட்டவர். சௌந்தரத்துக்கு, கொத்தனாருக்கு, எதிர்க்கட்டில் அம்மாவுக்கு, இந்த வார்டுக்கே.

"தண்ணி குடு சௌந்தரம்" என்றார். அவள் டம்ளரை நீட்டினாள். வாங்கிய கை நடுங்கவில்லை, அதைப் பார்த்துக்கொண்டேன். ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய் புரையேறியது. இருமினார், மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது, கண் சிவந்து மறுபடி இருமினார். சௌந்தரம் தலையில் தட்டினாள், செல்லமாக, சின்னப்பிள்ளைக்குத் தட்டுவதுபோல. "யாரோ நெனைக்கிறாக. ஆதிரையாத்தான் இருக்கும், வேற யாரு. போன் போடுங்க மதினி, அப்பன் குரலக் கேக்கட்டும் புள்ள." அவள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்தேன். கை தானாக எடுத்தது. ஆதிரை ஆபீசில் இருந்தாள், பின்னால் யாரோ இந்தியில் பேசும் சத்தம். "அம்மா, மீட்டிங் இருக்கு, சாயங்காலம் பேசட்டா?" "இப்பவே பேசு" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "அப்பாகிட்ட இப்பவே பேசு." போனை இவர் காதில் வைத்தேன். ஸ்பீக்கரையும் போட்டேன்.

"அப்பா, எப்படி இருக்கீங்க?" "நல்லா இருக்கேன் தாயி" என்றார். அது தெளிவாக வந்தது. ஒவ்வொரு எழுத்தையும் எடுத்து வைப்பதுபோல் மெதுவாகச் சொன்னார். "அத்தை ரசம் கொண்டு வந்தாங்களா?" "ம்." "நான் வரட்டுமாப்பா? இல்ல அடுத்த மாசம் வந்தா நிறைய நாள் இருக்கலாம்." இவர் என்னைப் பார்த்தார். நான் எதையும் காட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவசரமாக, பெண்ணைப் பயமுறுத்திவிடக் கூடாது என்கிற அவசரத்தில், வாயைத் திறந்தார். வர வேண்டாம் தாயி, எனக்கு ஒண்ணும் இல்ல, வேலையைக் கெடுத்துக்காத என்றார். அப்படித்தான் சொன்னார், எனக்குத் தெரியும், உதடு எனக்குத் தெரியும். ஆனால் வந்தது அது இல்லை. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு மூக்கால் பேசுவதுபோல ஏதோ வந்தது, நீளமாக, ஏற்ற இறக்கம் மட்டும் சரியாக. சௌந்தரத்தின் கை அவர் தலைமேல் அப்படியே நின்றது. கொத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போனில் ஆதிரை சிரித்தாள். "சாப்பிட்டுக்கிட்டே பேசாதீங்கப்பா, ஒண்ணும் புரியல. முழுங்கிட்டுச் சொல்லுங்க." இவர் வாயை மூடிக்கொண்டார். போனை என் பக்கம் தள்ளினார். "அம்மா? அப்பா என்ன சொன்னாங்க? வரச் சொல்றாங்களா, வேணாங்கறாங்களா?" நான் இவரைப் பார்த்தேன். இவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண் இரண்டும் தெளிவாக, எல்லாம் கேட்டுக்கொண்டு. "வரச் சொல்றாங்க" என்றேன். "இன்னைக்கே கிளம்பி வரச் சொல்றாங்க." இவர் மறுக்கவில்லை.